எட்டு விளக்கும் எரிந்தது. பாட்டு ஏன் நின்றது?



நெட்ஒர்க் லேபில் கேபிள் கிரிம்பிங் செய்த அன்று, பக்கத்தில் நின்ற நண்பன், "இதெல்லாம் வெளியில எதுக்குடா ஆகப் போகுது? நாம என்ன கேபிள் கடையா வைக்கப் போறோம்?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்தும் விட்டேன். அந்த வண்ண வரிசைக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பது கடந்த வைகாசியில்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அப்பாவின் தொழில்

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான். வைகைக் கரை. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர் போன ஊர். அம்மா வெற்றிலை அடுக்கும் வேலைக்குப் போகிறார். அப்பா ரேடியோ செட் வைத்திருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி ஒரு படிப்புக்கு வந்தவன் நான்தான்.

அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவார்கள். கீழே ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக். அவ்வளவுதான் செட். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, குழாய் போய் பாக்ஸ் வந்தது. ஒவ்வொன்றையும் அப்பா யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. பக்கத்துச் செட்காரர் செய்வதைப் பார்த்துக் கையால் கற்றுக்கொண்டார். மைக் ஒயரில் எந்தக் கம்பியை எங்கே பற்ற வைத்தால் இரைச்சல் வராது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் எங்கள் ஊரே விழாக் கோலம்தான். அதை ஒட்டிச் சுத்துப்பட்டுக் கிராமங்களிலும் பொங்கல் வைப்பார்கள். ரேடியோ செட்காரருக்கு அந்த ஒரு மாதக் கூலிதான் ஆறு மாதத்துக்கு. என் கல்லூரிக் கட்டணமும் அதில் அடக்கம்.

அன்று நடந்தது

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இப்போதெல்லாம் பாட்டுக் கச்சேரிக்குப் பதிலாக இளைஞர்கள் டி.ஜே. வேண்டும் என்கிறார்கள். மதுரையிலிருந்து ஒரு டி.ஜே. அண்ணனைப் பேசியிருந்தார்கள். பிளேயர் இரண்டும் மிக்சரும் அவருடையது. பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், ஒயர் எல்லாம் எங்களுடையது.

மேடை சின்னது. மத்தியானம் தூறல் வேறு போட்டது. பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருந்ததால், லேப்டாப் நனையக் கூடாது என்று எங்கள் தார்ப்பாய்க்குள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தோம். அங்கிருந்து மேடைக்குச் சுமார் 35 மீட்டர். அப்பா ஒரு நீளமான லேன் ஒயரை எடுத்து, சீரியல் செட்டுக்குப் போகும் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டி மேடைக்குக் கொண்டுபோனார். மேடையில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து இரண்டு பிளேயருக்கும் மிக்சருக்கும் சின்ன ஒயர்கள். மூன்று மணிக்கு டெஸ்ட் செய்தபோது ஒரு குறையும் இல்லை.

ஏழரை மணிக்கு ஆரம்பம். எட்டு மணிக்குப் பாட்டு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. ஒரே தாளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் முதலில் அதையும் ரசித்து ஆடியது. ஒரு நிமிடம் கழித்து விசில் பறந்தது. டி.ஜே. அண்ணன் மேடையிலிருந்தே, "அண்ணே, லைன் கட்டாகுது. உங்க ஒயர்தான்!" என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போனது. "எல்லா ஒயரையும் நேத்துத்தான் டெஸ்டர்ல வச்சுப் பாத்தேன் தம்பி. எட்டு லைட்டும் வரிசையா எரிஞ்சுச்சு" என்றார். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, "பத்து மணிக்கு மேல ஓட்டக் கூடாதுப்பா. போலீசு வந்துரும். இப்படி நின்னு நின்னு பாடுனா மிச்சப் பணம் யாரு குடுக்குறது?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது நியாயம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க முடியாது. போன நேரம் போனதுதான்.

டி.ஜே. அண்ணன் தன்னிடம் இருந்த ஒரு பென்டிரைவை பிளேயரில் சொருகி, அதிலிருந்த பத்துப் பதினைந்து பாட்டை வைத்துச் சமாளித்தார். எங்களுக்குக் கிடைத்தது அந்த அவகாசம்தான்.

டி.ஜே. பிளேயருக்கு ஏன் நெட்ஒர்க்?

இங்கே கொஞ்சம் பாடம். பழைய சிடி பிளேயரில் பாட்டு அந்தந்த பிளேயருக்குள்ளேயே இருக்கும். இரண்டு பிளேயரும் ஒன்றையொன்று அறியாது. 2009-இல் ஜப்பானின் பயனியர் நிறுவனம் சிடிஜே 2000 என்ற பிளேயரைக் கொண்டுவந்தபோது அதன் பின்புறத்தில் லேன் சாக்கெட் ஒன்றையும் வைத்தது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் அதே ஈதர்நெட். இந்த முறைக்குப் புரோ டி.ஜே. லிங்க் என்று பெயர். ஒரு பிளேயரில் பென்டிரைவ் சொருகினால் போதும். நான்கு பிளேயர் வரை அதிலிருந்தே பாட்டு எடுக்கலாம். 2020-இல் வந்த சிடிஜே 3000 மாடலில் ஆறு பிளேயர் வரை இணைக்கலாம். லேப்டாப்பில் உள்ள பாட்டையும் லேன் ஒயர் வழியாகவே பிளேயருக்கு அனுப்பலாம். எந்தப் பாட்டு எந்த வேகத்தில் ஓடுகிறது, தாளம் எங்கே விழுகிறது என்ற செய்தியையும் பிளேயர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும்.

வசதி பெரியதுதான். ஆனால் முன்பெல்லாம் ஒரு பிளேயர் போனால் மற்றது பாடும். இப்போது ஒரு ஒயர் போனால் அதை நம்பியிருக்கும் எல்லா பிளேயரும் தவிக்கும். பாட்டு வருவது நின்றுவிட்டால் முழு அமைதி வந்துவிடக் கூடாதே என்று, கைவசம் உள்ள கடைசித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி இந்த வகை பிளேயர்களில் உண்டு. எமர்ஜென்சி லூப் என்பார்கள். அன்று நாங்கள் கேட்ட 'சிக்கிய தாளம்' அதுதான். அது பிளேயரின் கோளாறு அல்ல. தனக்குப் பாட்டு வரவில்லை என்று பிளேயர் சொல்லும் செய்தி.

அப்பா கண்டுபிடித்தது பாதி

நான் லேப்டாப் பக்கம் ஓடினேன். லேன் சாக்கெட் விளக்கு எரிந்தது, மினுக்கவும் செய்தது. எனக்குக் குழப்பம். லைன் இருக்கிறது, பாட்டு போகவில்லை!

அப்போது அப்பா சொன்னார்: "தம்பி, மத்தியானம் நல்லாத்தான இருந்துச்சு. சீரியல் செட்டப் போட்ட பெறகுதான்டா இது வருது. லைட்ட ஒருக்கா அமத்திப் பாப்பமா?"

இரண்டு நிமிடம் சீரியல் செட்டை அமத்தினோம். பாட்டு லேப்டாப்பிலிருந்து ஒழுங்காக வந்தது. மறுபடி போட்டோம். மறுபடி சிக்கியது. கரண்ட் ஒயரின் இரைச்சல் லேன் ஒயருக்குள் ஏறுகிறது என்பது உறுதியானது. ஆனால் லேன் ஒயர் இரைச்சலைத் தாங்கும்படிதானே செய்யப்பட்டிருக்கிறது? ஏன் தாங்கவில்லை?

செல்போன் டார்ச்சை அடித்து ஜாக்கை உற்றுப் பார்த்தேன். ஆர்.ஜே.45 ஜாக் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே வண்ணம் தெரியும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீலம் வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. பார்க்க அழகாக, ஜோடி ஜோடியாக, ஒழுங்காக இருந்தது. எனக்கோ நெஞ்சு திக்கென்றது. நாங்கள் லேபில் போட்ட வரிசை இதுவல்ல!

ஒயரை ஏன் முறுக்குகிறார்கள்?

நண்பர்களே, லேன் ஒயரின் தோலை உரித்தால் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாகக் கயிறு திரித்தது போல முறுக்கியிருக்கும். இந்த யோசனை புதியது அல்ல. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே முறுக்கிய ஜோடிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. ஜோடியின் ஒரு கம்பியில் +1, மற்றதில் −1 என்று சிக்னல் அனுப்புகிறோம். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். 1-லிருந்து −1-ஐக் கழித்தால் 2. வழியில் கரண்ட் ஒயரிலிருந்து 5 அளவு இரைச்சல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பியும் முறுக்கிக்கொண்டு ஒன்றாகவே போவதால் இரண்டிலும் சமமாக ஏறும். ஒன்று 6 ஆகும், மற்றது 4 ஆகும். வித்தியாசம் அதே 2. இரைச்சல் தானாகக் கழிந்துவிட்டது!

இப்போது அந்த இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல் வேறு வேறு வழியில் போகிறது என்று வையுங்கள். ஒன்றில் 5 ஏறும், தள்ளியிருக்கும் மற்றதில் 3 ஏறும். 6, 2. வித்தியாசம் 4. அனுப்பியது 2, வந்தது 4. செய்தி கெட்டுவிட்டது.

எட்டு விளக்கு சொன்ன பாதி உண்மை

100 மெகாபிட் ஈதர்நெட்டில் வேலை செய்வது நான்கு கம்பிகள்தான். ஜாக்கின் 1, 2 எண் முனைகள் ஒரு ஜோடி. 3, 6 எண் முனைகள் இன்னொரு ஜோடி. கவனியுங்கள்: 3-க்கு ஜோடி 4 அல்ல, 6. அதனால்தான் 568பி வரிசையில் பச்சை வெள்ளை 3-இலும், பச்சை 6-இலும், நடுவில் 4, 5-இல் நீலமும் நீலம் வெள்ளையும் வருகின்றன.

அப்பா போட்டிருந்த வரிசையில் 3-இல் பச்சை வெள்ளை, 6-இல் நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கைச் சேர்ந்தவை. 'ஜோடி பிரிந்த ஒயர்' என்று நம் பாடத்தில் ஒரு வரியில் வருவது இதுதான்.

டெஸ்டர் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? இரு முனையிலும் அப்பா ஒரே மாதிரிதான் போட்டிருந்தார். 1 போய் 1-இல் சேருகிறது, 8 போய் 8-இல் சேருகிறது. டெஸ்டர் பார்ப்பது இதை மட்டுமே. கம்பி அறுபடாமல் போய்ச் சேருகிறதா என்று கேட்டால் 'ஆமாம்' என்று எட்டு விளக்கையும் எரித்துக் காட்டும். அந்தக் கம்பி யாரோடு முறுக்கிக்கொண்டு போகிறது என்று அதற்குத் தெரியாது.

மூன்று மீட்டர் ஒயரில் இந்தத் தவறு பெரும்பாலும் வெளியில் தெரியாது. 35 மீட்டர் போட்டு, கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டி, விளக்கையும் போட்டால் தெரிந்துவிடும். ஈதர்நெட்டில் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. அது ஒத்துவராவிட்டால் வாங்கும் கருவி பொட்டலத்தைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அதனால்தான் விளக்கு மினுக்கியும் பாட்டு போகவில்லை.

நான் அப்பாவிடம் அத்தனை பேர் முன்னால் எதையும் சொல்லவில்லை. "ஜாக் சரியில்லப்பா, புதுசு போட்டுர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லேப்டாப் முனையை வெட்டிப் புது ஜாக் போட்டேன். பிறகு மேடைக்கு ஓடி அந்த முனையையும் மாற்றினேன். அதற்குள் அப்பாவே லேன் ஒயரைக் கரண்ட் ஒயரிலிருந்து பிரித்து, வேலிப் பக்கமாகத் தள்ளிக் கட்டிவிட்டார். எட்டே முக்காலுக்கு லேப்டாப்பிலிருந்து பாட்டு ஒழுங்காக வந்தது. பத்து மணி வரை ஒரு தடவை கூட நிற்கவில்லை.

பிழை தேடும் வரிசை

நம்மில் பலர் நாளை இதே மாதிரி வேலைக்குப் போகலாம். அதற்காக, நான் கற்றதை வரிசையாகத் தருகிறேன். மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது.

1. சாக்கெட் விளக்கு. எரியாவிட்டால் ஒயர் அல்லது ஜாக். எரிந்தாலும் ஒயர் நல்லது என்று அர்த்தமல்ல.

2. ஒயரை மாற்றிப் பார்த்தல். நல்ல ஒயர் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். வெளி வேலைக்கு ஷீல்டு உள்ள ஒயர் நல்லது. ஜாக்கின் நாக்கு உடைந்த ஒயரை மேடைக்குக் கொண்டுபோகவே கூடாது. பேஸ் அதிர்வில் கழன்றுவிடும். நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்தே ஆகவேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும்.

3. பிளேயர் எண். ஒவ்வொரு பிளேயருக்கும் 1, 2 என்று தனித்தனி எண் வேண்டும். வேறு இடத்தில் வைத்த எண் அப்படியே நின்று, இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் சண்டைதான்.

4. ஐ.பி. முகவரி. முகவரி வழங்க ரவுட்டர் இருந்தால் கருவிகள் அதனிடம் வாங்கிக்கொள்ளும். யாரும் இல்லையென்றால் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். இதற்கான பொது விதி 2005-இல் வெளியானது. லேப்டாப் 192.168 என்றும் பிளேயர்கள் 169.254 என்றும் இருந்தால் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காத கதைதான். எல்லா ஒயரையும் முதலில் சொருகிவிட்டு, சுவிட்சை முதலில் போட்டு, பிறகு கருவிகளைப் போடுங்கள். பாதியில் ரவுட்டரைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

5. லேப்டாப்பின் ஃபயர்வால். புது நெட்ஒர்க் என்றதும் 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் ஒயர் நன்றாக இருந்தும் பாட்டு போகாது.

6. வளையம். இருட்டில் ஒரே ஒயரின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் சொருகிவிடுவதுண்டு. சின்ன சுவிட்சுகளில் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எல்லா விளக்கும் வெறி பிடித்தது போல மினுக்கினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

7. சாக்கெட் ஒன்றானாலும் பாஷை வேறு. டிஜிட்டல் மிக்சர்களில் ஏ.இ.எஸ்.50 என்ற சாக்கெட் இருக்கும். அதே ஆர்.ஜே.45 வடிவம், அதே ஒயர். ஆனால் அது மிக்சரையும் மேடைப் பெட்டியையும் நேருக்கு நேர் இணைப்பதற்கு. அதை நெட்ஒர்க் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால் வேலை செய்யாது. சொருக முன்பு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியப் பாட்டுகளை ஒரு பென்டிரைவில் போட்டு பிளேயர் பக்கத்திலேயே வைத்திருங்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

முடிவுரை

அன்று பேசிய தொகையில் ரூ.2,000 பிடித்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் பாடவில்லையே, என்ன சொல்ல முடியும்? வண்டியில் சாமான் ஏற்றித் திரும்பும்போது வைகைப் பாலத்தில் வைத்து அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஒரு மைக் ஒயரை வெட்டி, தோலை உரித்து, என் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு கம்பி, முறுக்கியபடி. "இதுல 2-க்கும் 3-க்கும் போற கம்பி ரெண்டும் ஒண்ணாத் திரிச்சு வரணும், இல்லாட்டி இரையும்னு எனக்கு இருபது வருசமாத் தெரியும்டா. அதுலயும் அதேதானா? அந்த ஜாக்கு போடக் கடையில பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஏன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

நண்பர்களே, எனக்கு அன்றுதான் புரிந்தது. அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 'ஏன்' என்ற ஒரு சொல்லை அவரிடம் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. லேபில் சார் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்தார். நான் அதைக் கையெழுத்துக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருந்தேன். சீரியல் செட்டை அமத்திப் பார்க்க வேண்டும் என்ற யோசனை அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஜாக்கின் வண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் பாட்டு வந்தது. தனித்தனியே போனால் ஜோடி பிரிந்த ஒயர்தான்.

வீட்டில் அவர் போட்டிருந்த பன்னிரண்டு லேன் ஒயர்களையும் இருவரும் உட்கார்ந்து மாற்றிப் போட்டோம். நான் வண்ணத்தைப் படிக்க, அவர் ஜாக்கை அமுக்கினார். முடிந்ததும், "தம்பி, இத இந்தப் பொட்டி மூடியில எழுதி வச்சிரு. நீ காலேஜுக்குப் போயிட்டா நான் யாருகிட்ட கேக்குறது?" என்றார்.

டூல்ஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இங்கே எழுதுகிறேன், படித்து மறந்துவிடாதீர்கள்:

ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீலம் வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு.